புது ரவுட்டர் வாங்கும் முன்: அறிகுறியை வைத்துக் குறையைப் பிடிக்கும் வழி

நெட் இழுக்க ஆரம்பித்தால் பழி முதலில் ரவுட்டர் மேல்தான் விழுகிறது. கண்ணெதிரே விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதுதானே. ஆனால் இணைய நிறுவனத்திலிருந்து வரும் ஃபைபர், அதை வாங்கும் மோடம், நடுவில் ஓடும் கேபிள், பவர் அடாப்டர், வீட்டுச் சுவர்கள், அக்கம்பக்கத்து வைஃபைகள், உங்கள் போனுக்குள் இருக்கும் சின்ன ஆண்டெனா என்று அந்தப் பாதையில் பல கண்ணிகள் இருக்கின்றன. நைந்த கண்ணி எது என்று பார்க்காமல் பெட்டியை மாற்றினால், பழைய தொல்லை புதுப் பெட்டியிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரவுட்டரை மாற்றியே தீர வேண்டிய நிலைமைகளும் உண்டு. அவை எவை என்பதைக் கீழே அந்தந்த அறிகுறியின் கீழ் சொல்லியிருக்கிறோம்.

முதலில் மூன்று அளவுகள்

உங்கள் அறிகுறி எதுவானாலும் இந்த மூன்றையும் எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் மேலே போவதெல்லாம் ஊகம்தான்.

1. கேபிள் அளவு: லேப்டாப்பை ரவுட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களைச் செருகும் இடம்) கேபிள் போட்டு இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டில் வேறு யாரும் நெட்டைப் பயன்படுத்தாத நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் மூன்று முறை ஓட்டுங்கள். இதையே இரவு 9 மணி வாக்கில் இன்னொரு முறை செய்யுங்கள்.

2. பக்கத்து அளவு: கேபிளைக் கழற்றிவிட்டு, ரவுட்டரிலிருந்து 2 அல்லது 3 மீட்டர் தள்ளி, இடையில் சுவர் இல்லாத இடத்தில், அதே லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் (ரவுட்டர் தரும் இரண்டு அலைவரிசைகளில் வேகமானது, மற்றது 2.4) வைஃபையில் இணைத்து டெஸ்ட் ஓட்டுங்கள்.

3. தொல்லை இடத்தின் அளவு: எந்த அறையில் குறை தெரிகிறதோ அங்கே போய் அதையே செய்யுங்கள். கூடவே சிக்னல் அளவையும் குறியுங்கள்.

சிக்னலை அளப்பது டிபிஎம் என்ற அலகில். எப்போதும் மைனஸ் எண்ணாகத்தான் வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இதைக் காட்டும். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியை நிறுவி, அமைப்புகளில் வைஃபை ஸ்கேனரை இயக்க வேண்டும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே மேலே உள்ள வைஃபை சின்னத்தைத் தட்டினால் போதும். மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோ கால் தடுமாறாமல் ஓடும். மைனஸ் 75ஐத் தாண்டிவிட்டால் பக்கம் திறக்கும், ஆனால் தடுமாறும். மைனஸ் 85 என்றால் கோடு தெரிந்தாலும் வேலைக்கு ஆகாது.

இப்போது தாளைப் பாருங்கள். கேபிளிலேயே நீங்கள் பணம் கட்டும் வேகம் வரவில்லையா? குறை கேபிளிலோ ரவுட்டரிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது, வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேபிளில் வந்து 2 மீட்டரில் வரவில்லையா? ரவுட்டரின் ரேடியோ, அதன் அமைப்பு, அல்லது உங்கள் லேப்டாப். 2 மீட்டரில் வந்து அறையில் வரவில்லை என்றால் தூரமும் சுவரும். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் விஷயம் இங்கேயே தெளிந்துவிடும்.

கேபிள் போட்டாலும் 94ஐத் தாண்டவில்லை

திட்டம் 200, 300 எம்பிபிஎஸ். டெஸ்ட் எத்தனை முறை ஓட்டினாலும் 93, 94, 95. இந்த எண்ணைப் பார்த்தவுடனே தெரிந்துகொள்ளலாம்: பாதையில் எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசிக்கொண்டிருக்கிறது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் தலைப்புத் தகவல்களுக்கான இடம் போக நம் கைக்கு வருவது ஏறக்குறைய 94தான். கிகாபிட் போர்ட்டில் இதே கணக்குப்படி 940 வாக்கில் வரும்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிள். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும், அதாவது எட்டுக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். எட்டில் ஒரு கம்பி அறுந்தாலோ, பிளக்கின் ஒரு பல் கறுத்துப்போனாலோ, இரு முனையும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது, நெட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பலர் வருடக்கணக்கில் கவனிப்பதில்லை. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கும் கேபிளையும், ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருப்பதையும் தனித்தனியாக மாற்றிப் பாருங்கள். உறையில் கேட்5இ அல்லது கேட்6 என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

கேபிள் நல்லதென்றால் போர்ட்டைப் பாருங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 முகவரியில், ஸ்டேட்டஸ் பகுதியில் ஒவ்வொரு போர்ட்டின் இணைப்பு வேகமும் இருக்கும். வான் போர்ட் (மோடத்திலிருந்து வரும் கேபிளைச் செருகும் இடம்), லேன் போர்ட் இரண்டையும் பார்க்க வேண்டும். ஏசி1200 என்று பெட்டியில் போட்டு விற்ற ரவுட்டர்களில் எத்தனையோ 100 எம்பிபிஎஸ் போர்ட்களோடு வந்தன. வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் வாசல் குறுகல். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால், திட்டமும் 100க்கு மேல் என்றால், வேறு மருந்து கிடையாது. மாற்றுங்கள். ஆனால் ஃபைபர் மோடத்தின் போர்ட்டே 100ஆக இருந்துவிட்டால் மாற்றித் தர வேண்டியவர்கள் இணைய நிறுவனத்தார்.

கேபிளில் வரும் எண் 94 வாக்கில் நிற்காமல் 40, 150, 210 என்று ஏதோ ஒன்றாக இருந்தால் கதை வேறு. ரவுட்டரை விலக்கிவிட்டு லேப்டாப்பை நேராக மோடத்தில் இணைத்துப் பாருங்கள். பிபிபிஓஇ (பயனர் பெயர் போட்டு நுழையும் வகை) இணைப்பானால் நிறுவனம் கொடுத்த பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் லேப்டாப்பில் போட வேண்டியிருக்கும். சில நிறுவனங்கள் முதலில் பார்த்த கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணை) பிடித்து வைத்துக்கொள்ளும், மோடத்தைச் சில நிமிடம் அணைத்துப் போட்டால்தான் புதுக் கருவியை ஏற்கும். நேரடி இணைப்பிலும் வேகம் இல்லை என்றால் அந்த எண்ணைக் காட்டி நிறுவனத்தில் புகார் செய்யுங்கள். ரவுட்டரைத் தொட வேண்டாம்.

நேராக முழு வேகம், ரவுட்டர் வழியாகப் பாதி என்றால் ரவுட்டரின் சிப்புக்கு மூச்சு வாங்குகிறது. அதற்கும் அவசரப்படாதீர்கள். கியூஓஎஸ் (எந்தத் தகவல் முதலில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்துவது), பெற்றோர் கட்டுப்பாடு, டிராஃபிக் புள்ளிவிவரம் போன்றவற்றை இயக்கினால் பல ரவுட்டர்களில் வன்பொருள் முடுக்கம் அணைந்துவிடும், ஒவ்வொரு பாக்கெட்டையும் (தகவல் துண்டையும்) சிப் கையால் எண்ணி அனுப்பும் நிலை வரும். இவற்றை ஒவ்வொன்றாக அணைத்துத் திரும்ப அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் வேகம் ஏறவில்லை என்றால்தான் சிப்பின் எல்லை அதுதான் என்று முடிவு. அப்போது மாற்றுவது நியாயமே.

கேபிளில் நன்று, ரவுட்டர் பக்கத்திலேயே வைஃபை மெதுவு

ஸ்பீடு டெஸ்ட் எண்ணை விட்டுவிட்டு லேப்டாப்பின் வைஃபை விவரத்தில் இருக்கும் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். கைக்கு வரும் வேகம் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் இருக்கும். வைஃபையில் ஒரே காற்றைப் பகிர்ந்து, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு தகவலுக்கும் ரசீது வர வேண்டும். அதற்கே பெரும்பங்கு போய்விடும்.

இணைப்பு வேகம் காட்டும் எண்ணே குறையைச் சொல்லிவிடும்.

54 என்றால் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். டிகேஐபி என்ற பழைய மறையாக்கத்தில் இருந்தால் வைஃபை 4 தலைமுறைக்கும் அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் உரிய வேகம் கிடைக்காது, 2003இல் வந்த வேகத்துக்கே இறங்கிவிடும். பாதுகாப்பை டபிள்யூபிஏ2, மறையாக்கத்தை ஏஇஎஸ் என்று மாற்றினால் அந்த நிமிடமே ஏறும். டபிள்யூஎம்எம் என்ற அமைப்பை யாராவது அணைத்து வைத்திருந்தாலும் இதே விளைவு வரும்.

72 அல்லது 144 என்றால் நீங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறீர்கள். 72 ஓர் ஆண்டெனாச் சாதனம், 144 இரண்டு. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

433 என்றால் வைஃபை 5, 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் (வைஃபை பேசும் அலைத் தடம்), ஓர் ஆண்டெனா. 867 என்றால் இரண்டு. 1201 என்றால் அதே அகலத்தில், இரண்டு ஆண்டெனாவில் வைஃபை 6. இந்த அட்டவணையில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது: எண்ணைத் தீர்மானிப்பது ரவுட்டர் தனியாக அல்ல, இரு பக்கத்திலும் எளியவர் யாரோ அவர்தான். போனில் ஓர் ஆண்டெனா என்றால் ரவுட்டரில் எட்டு இருந்தாலும் 433தான். புது ரவுட்டர் வாங்கும் முன் வீட்டில் இருக்கும் சாதனங்களில் எத்தனை வைஃபை 6 என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் வேகத்துக்காக மாற்றுவதில் பயன் மிகக் குறைவு. லேப்டாப் மட்டும்தான் பழசு என்றால் அதன் வைஃபை கார்டை மாற்றுவதோ யூஎஸ்பி வைஃபை கருவி ஒன்றைச் செருகுவதோ நேரான வழி.

எல்லாச் சாதனமும் புதியவை, ரவுட்டர் மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்றே தரும் வைஃபை 4 பெட்டியா? அதை மாற்றத் தயங்கவே வேண்டாம். அந்த வித்தியாசத்தை வீட்டில் எல்லோரும் முதல் நாளே உணர்வார்கள்.

ஹாலில் பறக்கிறது, கடைசி அறையில் நகரவில்லை

அதிகப் பணம் வீணாவது இந்த அறிகுறியில்தான். ஆண்டெனாக்கள் விரைத்து நிற்கும் பெரிய ரவுட்டர் ஒன்றை வாங்கிப் பழையதன் இடத்திலேயே வைப்பார்கள். கடைசி அறையில் ஒரு கோடு கூடும், வேலை நடக்காது. காரணம் எளிது. வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் உரக்கப் பேசலாம், ஆனால் போனும் பதில் சொல்ல வேண்டுமே. சின்ன பேட்டரியில் ஓடும் போனின் குரல் மூன்று சுவரைத் தாண்டி வராது. ரவுட்டரின் ஒலிபரப்புத் திறனுக்கும் ஒவ்வொரு நாட்டிலும் சட்ட வரம்பு உண்டு, விலை கூடிய பெட்டியும் அதை மீற முடியாது.

செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். ரவுட்டர் எங்கே இருக்கிறது? டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், தரையோரம், மின்மீட்டர் பக்கத்தில் என்றால் எடுத்து வீட்டின் நடுவாக, ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். கான்கிரீட், கம்பி போட்ட சுவர், நிலைக்கண்ணாடி, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி இவையெல்லாம் சிக்னலைத் தின்பவை. 5 கிகாஹெர்ட்ஸ் இவற்றில் சீக்கிரம் அடிபடும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆண்டெனா குச்சியின் முனையிலிருந்து சிக்னல் பீறிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். குச்சியைச் சுற்றி, பக்கவாட்டில்தான் அது பரவும். ஒரே தளத்துக்கு என்றால் நேராக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கையாகச் சாயுங்கள். இடம் மாற்றிய பிறகு மூன்றாவது அளவைத் திரும்ப எடுங்கள். மைனஸ் 78 இருந்த இடத்தில் மைனஸ் 66 வந்துவிட்டால் வேலை முடிந்தது.

முடியவில்லை என்றால் தேவைப்படுவது இரண்டாவது ஒலிபரப்பு. ரவுட்டரை மாற்றுவது அல்ல. அதில் தரவரிசை இப்படி:

கேபிள் இழுத்து அந்தப் பக்கம் ஓர் அக்சஸ் பாயின்ட் (வைஃபை மட்டும் பரப்பும் பெட்டி) வைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதையே அக்சஸ் பாயின்ட் மோடில் போட்டுப் பயன்படுத்தலாம். அந்த மோடு இல்லையென்றால்: அதன் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி வழங்கும் வசதியை) அணைத்து, அதன் முகவரியை முதல் ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி, உதாரணத்துக்கு 192.168.1.2 என்று மாற்றி, கேபிளை வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்.

அடுத்தது மெஷ், அதாவது ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பல பெட்டிகள். மெஷ் பெட்டிகளுக்கிடையே கேபிள் இணைப்பு கொடுத்தால் முதல் வகைக்குச் சமம். கம்பியில்லாமல் வைத்தால், இரண்டாவது பெட்டியை சிக்னல் செத்த அறைக்குள் வைக்காதீர்கள். அங்கே அதற்கே எதுவும் கேட்காது. பாதி வழியில், மைனஸ் 65 அளவுக்குள் கிடைக்கும் இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ரிப்பீட்டர். ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். ஒரு கதவு மணிக் கேமராவுக்குப் போதும், அலுவலக வேலை பார்க்கும் அறைக்குப் போதாது.

பகலில் நன்று, இரவானால் ஊர்கிறது

இரவு 9 மணிக் கேபிள் அளவை எடுத்தீர்கள் அல்லவா, அது இங்கேதான் உதவும். கேபிளிலும் இரவில் சரிகிறது என்றால் நிறுவனத்தின் பாதையில் நெரிசல். எந்த ரவுட்டரும் அதைத் தீர்க்காது. கேபிள் கலங்காமல் இருக்க வைஃபை மட்டும் சரிந்தால் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு உங்களுடையது முட்டிக்கொள்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மேலேறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அனலைசரில் கூட்டம் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 3, 4, 8, 9 என்று நடுவில் போய் உட்கார்ந்தால் இரண்டு பக்கக் கூட்டத்திடமும் இடிபடுவீர்கள், அவர்களையும் இடிப்பீர்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள். 40 போட்டால் இணைப்பு வேகம் காட்டும் எண் கூடும், நெரிசலில் கைக்கு வரும் வேகம் குறையும். முடிந்த அளவு சாதனங்களை 5க்கு நகர்த்திவிட்டு, 2.4ஐத் தூரத்துக் கருவிகளுக்கும் சின்னச் சின்ன ஸ்மார்ட் கருவிகளுக்கும் விடுங்கள்.

இன்னொரு சத்தக்காரர் யூஎஸ்பி 3. ரவுட்டரிலோ லேப்டாப்பிலோ செருகிய யூஎஸ்பி 3 டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். இதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டிஸ்க்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் வேலை செய்கிறது, அடுப்பு ஓடும் நேரத்தில் மட்டும் நெட் திக்கினால் வேறு காரணம் தேட வேண்டாம்.

5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் உள்ள ரவுட்டரில் இந்த அறிகுறிக்காகப் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. 6 கிகாஹெர்ட்ஸ் தரும் வைஃபை 6இ, வைஃபை 7 பெட்டிகள் நெரிசலான அடுக்குமாடியில் உண்மையிலேயே உதவும்தான். ஆனால் அந்த அலைவரிசை உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், உங்கள் சாதனங்களும் அதைப் பேச வேண்டும். 6 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் 5ஐவிடவும் பலவீனம் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

திடீர் திடீரென்று அறுந்துபோகிறது

அறுவது எது என்று பிரித்துப் பாருங்கள். கேபிள் போட்ட லேப்டாப்பில் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் இன்னொன்றில் இணையத்தில் இருக்கும் 1.1.1.1 முகவரிக்கும் பிங் கட்டளையை (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பது) நிற்காமல் ஓடவிடுங்கள். அடுத்த முறை நெட் அறுகையில் பாருங்கள்.

வெளி முகவரி மட்டும் பதில் சொல்லவில்லை, ரவுட்டர் சொல்கிறது என்றால் குறை வெளியே. ஃபைபர் மோடத்தில் லாஸ் விளக்கு (ஒளி சரியாக வரவில்லை என்று சொல்வது) சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். ஃபைபர் கூர்மையாக மடிந்திருந்தாலும், கதவிடுக்கில் நசுங்கியிருந்தாலும் ஒளி குறையும். மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் ஒளி அளவு தெரிந்தால் மைனஸ் 27 டிபிஎம் வாக்கில் இருப்பது விளிம்பு (வைஃபை சிக்னல் எண்களோடு இதை ஒப்பிட வேண்டாம்). வழக்கமான ஜிபான் (வீட்டு ஃபைபர் தொழில்நுட்பம்) மோடத்துக்கு அதற்குக் கீழே பிடிமானம் கிடையாது.

இரண்டுமே நிற்கின்றன, ரவுட்டரின் விளக்குகளும் அணைந்து திரும்ப வருகின்றன என்றால் ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. இங்கேதான் மக்கள் நல்ல ரவுட்டரைத் தூக்கிப் போடுகிறார்கள். முதலில் மாற்ற வேண்டியது அடாப்டர். சில வருடம் இரவும் பகலும் ஓடிய அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோகும். சும்மா அளந்தால் 12 வோல்ட் காட்டும், வைஃபை முழுமூச்சாக ஓடும் நொடியில் மின்னழுத்தம் சரியும், ரவுட்டர் மயங்கி எழும். பெரிய ஃபைல் இறக்கும்போதும் எல்லோரும் வீட்டில் இருக்கும்போதும்தான் அறுகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. புது அடாப்டரில் மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: வோல்ட் பழையதற்குச் சரிசமம், ஆம்பியர் சமம் அல்லது கூடுதல், பிளக்கின் அளவும் துருவமும் அதேதான். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் போட்டால் அது கதை முடிந்த மாதிரி.

அடாப்டரும் நல்லதென்றால் சூடு. செட் டாப் பாக்ஸ் மேலே, மூடிய அலமாரிக்குள், வெயில் படும் ஜன்னலோரம் வைத்திருந்தால் எடுத்து, காற்றுத் துளைகளைத் தூசி தட்டி, நிமிர்த்தி வையுங்கள்.

மூன்றாவது வகை: கேபிள் பிங் நிற்கவே இல்லை, வைஃபை மட்டும் அறுகிறது, அதுவும் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும், ஒரு நிமிடம் கழித்துத் தானே வருகிறது. சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை உள்ள சேனல்களைப் பல நாடுகளில் ரேடாரோடு பகிர்ந்துகொள்கிறோம். ரேடார் மாதிரி எதையாவது கேட்டால் ரவுட்டர் அந்த இடத்தைக் காலி செய்தாக வேண்டும், அதே வகைச் சேனல் இன்னொன்றுக்குப் போனால் அங்கே பேசும் முன் 60 நொடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் உங்கள் அறுப்பு. 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள்.

நாலைந்து நாளுக்கு ஒரு முறை மெல்ல மெல்ல மந்தமாகி, ரீஸ்டார்ட் செய்தால் புதுசுபோல் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேரில் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளில்) நினைவகக் கசிவு, அதாவது எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராத குறை. புது ஃபர்ம்வேர் வந்திருந்தால் ஏற்றி, ஃபேக்டரி ரீசெட் செய்து, பழைய பேக்கப்பைத் திரும்ப ஏற்றாமல் கையால் அமைத்துப் பாருங்கள். வாராவாரம் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி நேரம் குறித்து வைப்பது தற்காலிகக் கட்டு. புது ஃபர்ம்வேரும் இல்லை, அடாப்டரும் புதுசு, சூடும் இல்லை, இன்னும் மயங்குகிறது என்றால் பெட்டியின் ஆயுள் முடிந்தது, மாற்றுங்கள்.

வேகம் இருக்கிறது, வீடியோ கால் மட்டும் திக்குகிறது

யாரோ போட்டோக்களை கிளவுடில் ஏற்றுகிறார்கள், அந்த நேரத்தில் உங்கள் குரல் உடைகிறது. இதைச் சோதிப்பது சுலபம். கேபிளில் 1.1.1.1க்கு பிங் ஓடட்டும். சாதாரணமாக 15 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய்துகொண்டே பாருங்கள். 300, 500 என்று தாவினால் பஃபர் வீக்கம். பாக்கெட்டுகள் ரவுட்டரிலோ மோடத்திலோ நீண்ட வரிசையில் காத்துக்கிடக்கின்றன, உங்கள் குரல் அந்த வரிசையின் வாலில் நிற்கிறது.

வேகமான திட்டம் வாங்கினால் இது குறையலாம், தீராது. ரவுட்டரில் எஸ்கியூஎம் என்ற, பாக்கெட் வரிசையைச் சீராக்கும் அமைப்பு இருந்தால், அதில் கேக் அல்லது எஃப்கியூ கோடல் முறையைத் தேர்ந்து, அப்லோடு, டவுன்லோடு வரம்பை உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். 10 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள், அதற்கு ஈடாக வரிசை உங்கள் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. வீட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பலன் தரும் மாற்றம் ரவுட்டரில் வேறில்லை என்பது எங்கள் கணிப்பு. இந்த வசதி இல்லாத பெட்டி என்றால், ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேரை ஏற்ற முடியுமா என்று அதன் சாதனப் பட்டியலில் உங்கள் மாடலின் வன்பொருள் பதிப்பு எண்ணோடு சரிபாருங்கள். முடியாவிட்டால் மாற்றுவதற்கு இது நல்ல காரணம். ஒன்று நினைவிருக்கட்டும்: எஸ்கியூஎம் சிப்பின் உழைப்பைக் கேட்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்குத் தாங்கும் பெட்டி 500க்குத் தாங்காமல் போகலாம்.

ஒரு சாதனம் மட்டும் சேர மறுக்கிறது

ஸ்மார்ட் பிளக், பல்பு, பழைய பிரிண்டர் இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் அமைக்கும் நேரத்தில் மட்டும் 5ஐ அணைத்துவிட்டு முயலுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழையவை உள்ளே வராது, டபிள்யூபிஏ2, 3 கலந்த முறைக்கு மாற்றுங்கள். 12, 13ஆம் சேனலில் ரவுட்டர் இருந்தால் சில சாதனங்களுக்கு அந்த வைஃபை பெயரே கண்ணில் படாது. புதிதாக வரும் எதற்குமே முகவரி கிடைக்கவில்லை என்றால் டிஹெச்சிபி பட்டியல் நிரம்பியிருக்கும், வரம்பை 192.168.1.50 முதல் 250 வரை என்று விரியுங்கள். இதில் எதற்கும் புது ரவுட்டர் தேவையில்லை.

சில தளங்கள் மட்டும் திறப்பதில்லை. வெளியிலிருந்து கேமராவைப் பார்க்க முடியவில்லை

1.1.1.1க்கு பிங் போகிறது, தளத்தின் பெயரைப் போட்டால் போகவில்லை என்றால் குறை டிஎன்எஸ்ஸில் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை). ரவுட்டரில் வேறு டிஎன்எஸ் முகவரி கொடுங்கள். பெயரும் சரி, பக்கம் பாதி வந்து நிற்கிறது என்றால் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு). பிபிபிஓஇ இணைப்பில் அது 1492 என்று இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து உள்ளே வர முடியாததற்கு ரவுட்டரின் வான் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது. எந்த ரவுட்டராலும் அதை உடைக்க முடியாது, நிறுவனத்திடம் பொது முகவரி கேட்க வேண்டும். 192.168 என்று தொடங்கினால் மோடமும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது. இரண்டில் ஒன்றை பிரிட்ஜ் (தகவலை அப்படியே கடத்திவிடுவது) அல்லது அக்சஸ் பாயின்ட் மோடில் போடுங்கள்.

ஒரு குறையும் இல்லை, பெட்டி மட்டும் பழசு

எந்த அறிகுறியும் காட்டாத இந்த நிலைதான் மாற்றுவதற்கு எல்லாவற்றையும்விட வலுவான காரணமாக இருக்கலாம். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலையும் பதிப்பு எண்ணையும் தேடி, கடைசி ஃபர்ம்வேர் எந்தத் தேதியில் வந்தது, ஆதரவு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் உலகெங்கும் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு நெட் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆதரவு முடிந்த பெட்டியில் நாளை ஓர் ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆள் இல்லை. வேகம் திருப்தியாக இருந்தாலும் மாற்றுங்கள், அல்லது ஓபன்டபிள்யூஆர்டி போன்ற, இன்னும் புதுப்பிக்கப்படும் ஃபர்ம்வேருக்கு நகருங்கள். டபிள்யூஇபி அல்லது முதல் டபிள்யூபிஏ என்ற பழைய பாதுகாப்பு முறைகளைத் தாண்டாத பெட்டிக்கு இந்த ஆராய்ச்சிகூட வேண்டாம்.

ஆதரவு இருக்கிறது என்றால் ஃபர்ம்வேரை ஏற்றி, நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றி, டபிள்யூபிஎஸ்ஸையும் (பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதி) வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால்

பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம். ஏஎக்ஸ்3000 என்பது 2.4இன் 574, 5இன் 2402 இரண்டையும் கூட்டி வட்டமாக்கியது. எந்தச் சாதனமும் இரண்டையும் கூட்டி அனுபவிக்காது. அந்த 2402கூட 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் பேசும் சாதனத்துக்கே, அதுவும் நெரிசல் இல்லாத இடத்தில். எழுத்துச் சிறிதாக இருக்கும் விவரங்களைத் தேடுங்கள்: வான், லேன் இரண்டும் கிகாபிட்டா, திட்டம் 1 கிகாபிட்டைத் தாண்டினால் 2.5 கிகாபிட் போர்ட் உண்டா, டபிள்யூபிஏ3 உண்டா, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த வருடம் வரை, பின்னாளில் மெஷ் சேர்க்க முடியுமா. இன்று வாங்குபவருக்கு வைஃபை 6 இரட்டை அலைவரிசைக்குக் கீழே இறங்க வேண்டிய அவசியமில்லை. வைஃபை 7 சான்றளிப்பு 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. அதைப் பேசும் சாதனங்கள் வீட்டில் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் அந்தப் பணத்தை இரண்டாவது அக்சஸ் பாயின்ட்டுக்கும் கேபிளுக்கும் போடுங்கள்.

மாற்றும் நாளில் பழைய ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இருக்கும் இணைப்பு வகை, பிபிபிஓஇ பெயர், விஎல்ஏஎன் எண், வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிபிபிஓஇ பாஸ்வேர்டு புள்ளிகளாகத் தெரிந்தால் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். புதியதில் அதே வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் போட்டால், வீட்டில் இருக்கும் பல்பு முதல் டிவி வரை ஒவ்வொன்றையும் திரும்ப இணைக்கும் பாடு மிச்சம். பிறகு அந்த மூன்று அளவுகளையும் அதே இடங்களில் எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். எண்கள் நகரவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிட்டு, விட்டுப்போன கண்ணியைத் தேடுங்கள். நகர்ந்திருந்தால், பழைய ரவுட்டரை யாருக்கும் கொடுக்கும் முன் ரீசெட் துளையில் ஊசியை வைத்து 10 நொடிக்கு மேல் அழுத்தி, விளக்குகள் அணைந்து எழுவதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.